ஒரு மணி நேரத்துச் சென்னை

போனில் விமான நேரத்தைப் பார்த்தேன். பினாங்கில் காலை பதினொன்றுக்குக் கிளம்பினால் சென்னையில் பன்னிரண்டுக்கு இறக்கம். அப்படியே அக்காவிடம் சொன்னேன். ஆயர் ஈத்தாம் பிளாட்டில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

முட்டி ஆப்பரேஷன் ஆனதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார அவளால் முடியாது. சென்னையில் கட்டிக்கொடுத்த மகளுக்கோ தலைப்பிரசவம். "வாம்மா" என்று அவள் போனில் அழ, "இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படிடி" என்று இவள் இங்கே அழ, நடுவில் நான்.

"ஒரு மணி நேரந்தானா? டிராஃபிக் ஜேம்ல பாலம் தாண்டி அக்கரைப் பிறைக்குப் போகவே அதுக்கு மேல ஆகுதே லா! டிக்கெட்டைப் போடுடா தம்பி."

இரண்டு பேருக்கும் போட்டேன். பிறகுதான் திரும்பும் நேரத்தைக் கவனித்தேன். அங்கே மதியம் ஒன்றுக்கு ஏறினால் இங்கே வந்து சேர ஏழு! அதே வானம், அதே இரண்டு ஊர். போக ஒன்று, வர ஆறா?

சூலியா தெருவில் காசு மாற்றப் போனபோது கடைக்கார அண்ணனிடம் கேட்டேன்.

"போறப்ப எறக்கம், வர்றப்ப ஏத்தம் லா தம்பி. பினாங்கு மலையில ஏறுனதில்லையா நீ?"

சிரிக்காமல் சொன்னாரா, பாதி நம்பிவிட்டேன்.

இந்தியக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்பது தெரியாதவனல்ல நான். ஆனால் பின்னால் என்றால் கூட்டுவதா, கழிப்பதா? கழித்துப் பார்த்தேன், கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே விடப்போவது அக்காவின் காலாயிற்றே!

விமானம் மேலே ஏறியதும் பக்கத்து இருக்கை மலாய்க்காரப் பெண்ணிடம் அக்கா அவள் மொழியிலேயே பேச்சுக் கொடுத்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டிருப்பாள் போல.

"தீகா ஜாம் ஸ்தெங்ஙா, காக்."

மூன்றரை மணி நேரம்! அக்கா என் தொடையைக் கிள்ளியதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஒரு மணின்னியேடா பாவி!"

"டிக்கெட்ல அப்படித்தான்க்கா போட்டிருக்கு."

"அப்போ இவ பொய் சொல்றாளா?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அக்கா எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். சென்னைக்குப் பாதி வழி அவள் நடந்தே வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இறங்கியதும் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. எனக்கு உயிர் வந்தது. "பாருக்கா, நான் சொன்னது சரிதானே?"

அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் இரண்டரை. "முள்ளைத் திருப்பி வச்சுக்கலாம்டா. முட்டி இன்னும் மலேசியா நேரத்துலதான் வலிக்குது."

வெளியே நிறைவயிற்றோடு மகள். அம்மா நொண்டி வருவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "ரொம்ப நேரம் உட்கார்ந்தே வந்தியாம்மா?"

"இல்லடி," என்றாள் அக்கா, அவள் வயிற்றில் கை வைத்தபடி. "ஒரு மணி நேரந்தான்."