சித்தப்பாவுக்குப் பனி காட்டப் போன பயணம்

அந்த வருடம் மார்ச் விடுமுறைக்கு என் வகுப்பில் பாதிப்பேர் கியூபாவுக்கும் புளோரிடாவுக்கும் போனார்கள். கனடாவின் மார்க்கம் நகரில் நவம்பரிலிருந்து வாசற்பனியை அள்ளி அள்ளிக் கை மரத்துப்போன எங்கள் குடும்பம் மட்டும், விமானம் ஏறி, பனி பார்க்க இமயமலைக்குப் போனது. எனக்குப் பதினொரு வயது. இந்த வெட்கக்கேட்டைச் சிநேகிதிகளிடம் எப்படிச் சொல்வது? இந்தியாவில் ஒரு கலியாணம் என்று சொல்லிவைத்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்பா கனடாவுக்கு வந்தபோது, நான் பிறப்பதற்கு முன்பே பிரிந்த அண்ணனும் தம்பியும் இந்தியாவில் சந்திப்பதென்று முடிவானது. சென்னையில் சந்தித்திருக்கலாம். சேலைக்கடைகளை மனதில் வைத்துக்கொண்டு அம்மாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் சித்தப்பா தொலைபேசியில் ஒரேயொரு விருப்பம் சொல்லியிருந்தார்.

"ஸ்நோ கிடக்கிற இடமாப் பாருங்கோ அண்ணை."

அப்பா குளிர்காலம் முழுக்க யூடியூபில் மலை ஊர்களைப் பார்த்தார். முசூரியில் மூடுபனிதான், நைனிதாலில் ஏரிதான் விசேஷம் என்று தள்ளிவிட்டு, கடைசியில் சிம்லாவைப் பிடித்தார்.

டில்லி விமான நிலையத்தில் சித்தப்பா யாரிடமோ இரவல் வாங்கிய தோல் கோட்டோடு வியர்த்து வழிய நின்றார். கழற்றச் சொன்னால் கேட்கவில்லை. அப்பாவும் அவரும் கட்டிப்பிடிக்கவுமில்லை, அழவுமில்லை. ஒருவர் பெட்டியை மற்றவர் தூக்குவதற்காக நெடுநேரம் மல்லுக்கட்டினார்கள்.

கல்காவிலிருந்து மலை ஏறும் குட்டி ரயிலைப் பற்றி எல்லோரும் புகழ்ந்து எழுதுகிறார்கள். நான் மலைச்சரிவுகளைப் பார்த்ததைவிட, கையில் பிடித்திருந்த சொப்பிங் பைக்குள் பார்த்ததுதான் அதிகம். ஒவ்வொரு சுரங்கத்திலும் மற்றப் பிள்ளைகள் சந்தோஷத்தில் கத்தினார்கள். நான் பைக்குள் சத்தி எடுத்தேன்.

சிம்லாவில் நல்ல வெயில். மால் ரோட்டில் சனம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு உலாவியது. பனி எல்லாம் போன மாதமே கரைந்துவிட்டதென்று விடுதிக்காரர் கையை விரித்தார். குன்றின் மேலிருந்த கோயிலில் ஒரு குரங்கு அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறி, பிஸ்கட் எறிந்த பிறகுதான் அதைக் கீழே போட்டது. ஒரு பக்கம் கீறல். "சென்னைக் குரங்குகள் இப்பிடிச் செய்யாது," என்றார் அம்மா. மறுநாள் பக்கத்து மலையூரான குஃப்ரி. அங்கே மட்டக்குதிரைகளும் கணுக்கால் வரை சேறும் இருந்தன. பனி இல்லை.

"இன்னும் கொஞ்சம் மேல போய்ப் பாப்பம்," என்றார் அப்பா.

"என்னப்பா, அப்பிடியே சீனாவுக்குப் போற யோசனையோ?" என்றார் அம்மா.

நார்கண்டா என்ற ஊரைத் தாண்டி, ஒரு வளைவில், தேவதாரு மரங்களின் நிழலில் அது கிடந்தது. அழுக்கேறிய, ஊசியிலைகள் ஒட்டிய ஒரு பனித்திட்டு. எங்கள் தெருவில் பனி வாரும் வண்டி ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போவதுகூட இதைவிட வெள்ளையாக இருக்கும். இதற்காகவா இத்தனை பாடு!

கார் நிற்குமுன்னே சித்தப்பா இறங்கி ஓடினார். ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்ச வா. உங்கட வீட்டை எனக்கு இதில ஒருக்காக் கட்டிக் காட்டு."

என் கையுறைகள் விடுதியில். வேண்டாவெறுப்பாகக் கட்டினேன். சித்தப்பா விடவில்லை.

"வாசலில ஸ்நோ எவ்வளவு உயரத்துக்கு நிக்கும்?"

முழங்காலைக் காட்டினேன்.

"அண்ணை எந்தப் பக்கத்தால வேலைக்குப் போறவர்?"

குச்சியால் தெருவைக் கீறினேன்.

"வாற ஆக்கள் எங்க படுப்பினம்?"

"பேஸ்மெண்டில."

"அதுக்கு ஜன்னல் இருக்கோ? அதால என்ன தெரியும்?"

விரல்கள் நெருப்பாய் எரிந்தன. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயோ சித்தப்பா! நீங்களே வந்து பாருங்கோவன்!"

"வாயை மூடு!" என்று அப்பா கத்தினார். அவர் என்மீது அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்த அம்மா சட்டென்று மறுபக்கம் திரும்பி மலையைப் பார்க்கத் தொடங்கினார். சித்தப்பா மட்டும் சிரித்தார்.

"ஏன் அண்ணை பிள்ளையைப் பேசுறியள்? வாங்கோ எண்டுதானே சொல்லுறாள்."

சித்தப்பாவுக்கு விண்ணப்பித்த ஒவ்வொரு முறையும் கனடா விசா மறுக்கப்பட்டதையும், கடைசி மறுப்பு வந்த கிழமைதான் அப்பா யூடியூபில் மலைகளைத் தேடத் தொடங்கினார் என்பதையும் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒருவரை வீட்டுக்கு வரச் சொன்னால் ஏச்சு விழுகிற குடும்பம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று எரிச்சல்பட்டபடி, சிம்லா வந்து சேரும்வரை நான் அப்பாவோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.