நாற்காலி வாங்கிக் கொடுத்த போன்

போன தை மாதம், சம்பா அறுவடை முடிந்த சமயம். திருவையாறு பக்கம் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் நடந்தது இது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதவும் நேரமாகும். ஆனாலும் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

பொங்கலுக்கு வந்த என் மகன் ஒரு பெரிய கம்பெனி போனைக் கையில் கொடுத்தான். என் பட்டன் போனுக்கு என்ன குறை? ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலு நாள் நிற்கும். டார்ச் அடிக்கும். சேற்றில் விழுந்தால் முந்தானையில் துடைத்துவிட்டுப் பேசுவேன். ரெண்டு சிம் போட்டிருந்தேன். புதுசில் ஒன்றுக்குத்தான் இடமாம். விரலை வைத்தால் திறக்கும் என்றான். நாற்றுப் பறித்தே தேய்ந்த என் விரலை அது மனுஷ விரல் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் எதுக்குப்பா இவ்வளவு விலை என்று கேட்டேன்.

“அந்தப் பேருக்குத்தாம்மா விலை. கையில இருந்தாலே ஒரு மரியாதை,” என்றான்.

பழைய போனைப் பரண் மேல் போட்டுவிட்டுப் போனான். மிச்சமான சிம்மைச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பெருமைதான். பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, போனின் முதுகு நாலு பேருக்குத் தெரிகிற மாதிரிதான் பிடித்திருந்தேன்.

பிறகு நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையக் களத்தில் கொட்டினோம். நம் முறை வரும்போது, பதிந்து வைத்த போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னால்தான் எடை போடுவார்கள். இத்தனை வருஷமாக அங்கே நெல் போடுகிறேன், ஓரமாக நில்லும்மா என்பதைத் தவிர வேறு பேச்சுக் கேட்டதில்லை. இந்தத் தடவை அங்கே எழுதுகிறவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். “உக்காருங்கம்மா,” என்று பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். நானும் உட்கார்ந்தேன்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் எடை போட்டுப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் கிழக்கே வானம் கறுத்தது. என் தார்ப்பாயோ பாதி கிழிசல். எழுந்து போய்க் கேட்டால், நம்பர் முந்தாநாளே போய்விட்டது, இன்று சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் மறுபடி கடைசி வரிசைதான் என்கிறார். அப்போதுதான் உறைத்தது. அங்கே பதிந்திருந்தது சுருக்குப் பையில் கிடக்கிற சிம்மின் நம்பர்.

புதுப் போனுக்குள் இருக்கிற சிம்மை எடுக்கவே தனியாக ஓர் ஊசி வேண்டுமாம். எழுதுகிறவர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்ன விலை என்று கேட்கிறார். என் ஒரு வருஷப் பாடு நனையப் போகிறது, இவருக்கு விலை வேண்டியிருக்கிறது.

களத்தில் சிந்தின நெல்லைக் கூட்டுகிற பெண் ஒருத்தி, மூன்று நாளும் குனிந்த முதுகு நிமிராதவள், துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். இடுப்பிலிருந்து ரப்பர் பேண்ட் சுற்றின போனை எடுத்தாள். நகத்தால் திறந்து, தன் சிம்மைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டு, என்னுடையதைப் போட்டாள். டிங் என்றது.

“எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா. நீங்க பாருங்க,” என்றாள்.

ஒவ்வொரு எண்ணாக நானே படித்துச் சொன்னேன். கடைசி மூட்டை கொட்டகைக்குள் போகும்போது தூறல் விழுந்தது.

அவள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவளுக்கெல்லாம் எதுக்கும்மா என்றார் எழுதுகிறவர்.

“அவ போன்லதான்யா என் நெல்லு ஏறுச்சு,” என்றேன். அவள் சிரித்துவிட்டு, வேலை கிடக்குதுக்கா என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். கடைசிவரை உட்காரவில்லை.

அன்றைக்கே பரணிலிருந்து பட்டன் போனை எடுத்துவிட்டேன். இப்போது களத்துக்குப் போனால் யாரும் நாற்காலி போடுவதில்லை, பரவாயில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நானில்லை, அந்தப் போன்தான் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.