நான் மினுக்கிய பொற்காசு

கல்முனையில் ஒரு நகைப் பட்டறையின் வாங்குப் பலகையில் இருந்த அவரைக் கண்டேன். மெலிந்த மனிதர். கழுத்தில் நூல் கட்டிய பூதக்கண்ணாடி தொங்கியது. பேத்தியின் கல்யாணத் தோட்டுக்காக, கப்பலில் வேலை செய்த என் மாமனார் விட்டுப்போன பொற்காசை உருக்கக் கொண்டுபோயிருந்தேன். தட்டார் அதை மண் கிண்ணத்தில் போட்டு நெருப்பைப் பற்றவைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க" என்று அந்தப் பூதக்கண்ணாடிக்காரர் எழும்பி வந்தார்.

"சேருக்குப் பழைய காசு கண்டா பைத்தியம்" என்று தட்டார் சிரித்தார். நெருப்பை அணைக்கவில்லை.

அவர் சூடேறுமுன் காசைக் கிண்ணத்திலிருந்து எடுத்து, விளிம்பில் மட்டும் பிடித்து, மூச்சுப் படாமல் பார்த்தார். நெற்றி வியர்த்தது. "அமெரிக்காட ஆரம்பகாலத்துக் காசு உம்மா. இருநூறு வருசத்துக்கு மேல. தேடித் திரியிற எங்களுக்கே கிடைக்காது." பிறகு முகம் சுருங்கியது. "இத ஆரு மினுக்கின?"

"நான் தொடல்ல சேர்" என்றார் தட்டார்.

அழுக்கோடு கொடுக்க வெட்கப்பட்டு, காலையில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தேன். "நான்தான் மகனே தேய்ச்ச" என்றேன், தரையைப் பார்த்தபடி.

"மினுக்கினதால பாதி விலை போயிட்டு உம்மா. மிச்சத்துலயும் பத்துச் சோடித் தோடு செய்யலாம். உருக்க வேணாம். கொழும்புல ரெண்டு மூணு பேரிட்டக் காட்டி விலை கேளுங்க."

"நீங்களே எடுங்களன்."

"அவ்வளவு சல்லி என்னிட்ட இல்ல."

காசை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். கொழும்பில் விற்றதில் பேத்திக்குத் தோடும் வந்தது, அவளுடைய வீட்டுக்குக் கூரையும் வந்தது. அன்று அவர் வெறும் பொன் எடை விலைக்குக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். கேட்காமல் போவதற்கு அந்த மனிதர் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.