பரவசத்துக்குப் பயந்தவர்

சிரிப்பு அளவு மீறும் இடத்தில் சரஸ்வதியம்மாள் மெல்லப் பக்கத்தில் போய், "ஆருங்க வந்திருக்கறது?" என்று கேட்டுவிடுவார். சாமி வந்து ஆடுகிறவரிடம் கேட்கிற கேள்வி. இவர் அதைக் கல்யாணப் பெண்ணிடம் கேட்பார். எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளையிடமும் கேட்பார். சிரித்த முகம் ஒரு கணம் காலியாகும். பாலக்காட்டுப் பக்கத்து நல்லேப்பிள்ளியில் விசேஷ வீட்டுக்காரர்கள் அவரைக் கடைசிப் பந்திக்குத்தான் அழைக்கிறார்கள்.

கிறுக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. தனியாளாக மூன்று ஏக்கர் நெல் பார்க்கிறார். உர மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை குறைவதைச் சொல்லிவிடுவார்.

எட்டு வருடத்துக்கு முன் வயலில் போர்வெல் போட்டார்கள். எழுநூறு அடியில் தண்ணீர் பீறிட்டதும், அதிர்ந்து பேசாத அவர் கணவர் காளிச்சாமி சேற்றில் இறங்கி ஆடிச் சிரித்தார். "அவுரு நெஞ்சுக்குள்ள இருந்து வேற ஆரோ சிரிச்சாங்க. ஆருன்னு கேக்கோணும்னு இருந்துச்சுங்க. கூச்சப்பட்டுட்டுக் கேக்கல" என்பார் சரஸ்வதியம்மாள். பொழுது சாய்வதற்குள் காளிச்சாமி போய்விட்டார். மாரடைப்பு என்றது ஆஸ்பத்திரி.

துக்கம் கேட்க வந்த கல்பாத்தி நாராயண், ஓய்வுபெற்ற வங்கிக்காரர், பரவசத்தில் போனவர் புண்ணியவான் என்றார். அதென்ன வார்த்தை என்று இவர் கேட்டதும், ஆறுதலாக இருக்கட்டுமே என்று விளக்கமும் கொடுத்தார். "பரன்னா பிறத்தியார். பரவசம்னா, பிறத்தியார் வசமாயிடறது." நல்ல ஆறுதல் போங்கள். சரஸ்வதியம்மாள் அழுகையை அதோடு நிறுத்திவிட்டார்.

மகள் யோகப்பிரியா கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டானாள். கட்டிக்கொள்ள ஓடிவந்தவளை அம்மா கை நீட்டித் தடுத்தார். பத்து மாதமும் வீட்டில் சிரிப்புக்குத் தடை. அவள் அழுதபோது மட்டும் நிம்மதியாக இருந்தார். தகப்பனைப் போல இவளும் போய்விடுவாளோ என்ற பயம். பாவம், அதைப் பாசமாகக் காட்டத் தெரியவில்லை.

போன மாதம் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில், பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று நர்ஸ் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வராந்தாவில் வேறு ஆளில்லை. பெஞ்சில் இருந்த சரஸ்வதியம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பல்லைக் கடித்தும் நிற்கவில்லை. தொண்டை அவருடையது, குரல் அவருடையதாக இல்லை. உள்ளே மகளும் சிரிப்பது கதவு வழியாகக் கேட்டது.

இம்முறை அவர் யாரென்று கேட்கவில்லை.

"உள்ளுக்குப் போவாதீங்க. இங்கயே உக்காருங்க" என்றார். சேலைத் தலைப்பால் பெஞ்சைத் துடைத்துவிட்டு, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்தார்.