சைலன்சருக்குள் ஒரு சாண் துணி

மாஸ்டரின் எஞ்சின் என் பட்டறைக்குத் தள்ளுவண்டியில் வந்தது. தார்ப்பாய் சுற்றி நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கட்டை அவிழ்த்ததும் உப்பு வாடை அடித்தது. சாயப்பட்டறை வாடை எனக்குத் தெரியும், டீசல் வாடை தெரியும். இது புதிது.

அவர் பக்கத்து பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். படகு பாறையில் மோதி உடைந்த பிறகு பிழைக்க வந்தவர். எஞ்சினை மட்டும் விற்க மனசு வரவில்லை. "லைன் வீட்டுல இதை வச்சா நான் எங்க படுக்க அண்ணாச்சி" என்றார். நான் ஜெனரேட்டர் மெக்கானிக். அதற்கு முன்னால் குண்டடத்தில் கிணற்று எஞ்சின் பார்த்தவன். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் வயலில் ஓடினாலும் கடலில் ஓடினாலும் ஒன்றுதான். மூலையில் இடம் கொடுத்தேன்.

ஆறு வருசம் அங்கேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு டீயோடு வருவார். எஞ்சின் மேல் உட்கார்ந்து குடிப்பார். நான் ஸ்பேனர் துடைப்பேன். பேச்சு அதிகம் இருக்காது. என் சம்சாரம் இறந்த பிறகு வேலை எதுவும் இல்லாமல் என்னைப் பார்க்க வந்த ஆள் அவர் ஒருவர்தான்.

ஒரு வியாழக்கிழமை ஓடி வந்தார். ஊரில் அவர் மச்சான் புதுப் படகு இறக்குகிறாராம். எஞ்சின் ஓடினால் கொண்டு வா, பாதிப் பங்கு. இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். ஞாயிறு மதியம் கம்பெனி லாரி தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிறது. அதில் ஏற்றிக்கொள்ள டிரைவர் ஒத்துக்கொண்டார். "ஓடுமா அண்ணாச்சி?"

"பாக்கலாமுங்க" என்றேன்.

ஹேண்டிலைச் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. பிஸ்டன் துருவில் இறுகியிருந்தது. டீசல் தூவும் நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஆயில் ஊற்றி ஒரு நாள் விட்டேன். வெள்ளிக்கிழமை இளகியது. டேங்கில் பழைய டீசல் பாகு மாதிரி இருந்தது. கொட்டிக் கழுவி, புது பில்டர் போட்டேன். சனிக்கிழமை டீசல் குழாயில் அடைத்திருந்த ஏரை எடுத்தேன். நாசிலை வெளியே வைத்துப் பார்த்தேன், டீசல் பூவாகத் தூவியது. எல்லாம் சரி. மாட்டிவிட்டு ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். அவர் சுற்றினார். மாற்றி மாற்றிச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை.

சாயங்காலம்தான் கவனித்தேன். டீசல் உள்ளே போகிறது. பிடிக்காவிட்டாலும் கொஞ்சம் வெள்ளைப் புகையாவது வர வேண்டும். ஒரு துளி வரவில்லை. அவர் சுற்றும்போது சைலன்சர் வாயில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சே இல்லை.

அப்போது நினைவு வந்தது. எஞ்சின் வந்த அன்றே எலி போகக் கூடாது என்று சைலன்சருக்குள் பனியன் வேஸ்ட் துணியைத் திணித்தவன் நான்தான். இந்த ஊரில் கை துடைக்க, தலையணை அடைக்க, ஒழுகுகிற குழாய்க்கு என்று எதற்கும் பனியன் வேஸ்ட்தான். ஒரு சாண் உள்ளே தள்ளியிருந்தேன். மேலே தெரியவில்லை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளை லாரியில் எஞ்சினோடு அவரும் போய்விடுவார். வாயைத் திறந்தேன். "நாளைக்குப் பாக்கலாமுங்க" என்றுதான் வந்தது.

மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அதுக்குக் கடலு மறந்துபோச்சு போல" என்றார். வெளியே போய் மச்சானுக்குப் போன் செய்தார். "இல்ல மாப்ள, தேறாது. நீ வேற ஆளப் பாரு." திரும்பி வந்தவர் என்னிடம் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை அவர் டீயோடு வரும்போது கம்பியை வளைத்துத் துணியை இழுத்துக்கொண்டிருந்தேன். கறுத்து, கெட்டியாக, கயிறு மாதிரி வந்தது. பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "எலிக்குப் பயந்து எஞ்சினு மூச்சையே அடைச்சிப்புட்டியளே அண்ணாச்சி!"

"நேத்துச் சாயந்தரமே தெரியுமுங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. என்னையே பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். ஹேண்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "சுத்துங்க."

இரண்டாவது சுற்றில் பிடித்தது. பட்டறை முழுக்கப் புகை. அவர் அந்தப் புகைக்குள் நின்று மச்சானைக் கூப்பிட்டு, வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிப் போனை எஞ்சின் பக்கம் பிடித்தார். மதியம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து லாரியில் ஏற்றினோம். "வாறேன் அண்ணாச்சி" என்றார். அவரும் அதிலேயே ஏறிப் போனார். அவ்வளவுதான்.

இரண்டு வருசம் ஆகிறது. மாதம் ஒரு தடவை படகிலிருந்து கூப்பிடுவார். பேச ஒன்றும் இருக்காது. போனை எஞ்சின் பக்கம் பிடிப்பார். "டேப்பெட் சத்தம் ஜாஸ்தியா இருக்குதுங்க" என்பேன். "வந்து பாத்துக் குடுங்க" என்பார். "ஆகட்டுங்க" என்பேன். பட்டறையைப் பூட்டிவிட்டுப் போக எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனாலும் போகவில்லை. அன்று சாயங்காலம் ஏன் சொல்லவில்லை என்று அவர் ஒரு தடவையாவது கேட்பார் என்று இருக்கிறேன். பதில் தயாராக வைத்திருக்கிறேன். அவர் கேட்க மாட்டேன் என்கிறார்.