போர்ட் பிளேரில் ஒரு டீசல் ஹீட்டர்

எங்கள் ஊரில் மின்விசிறி நின்றால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். கரண்ட் வரும்வரை முந்தானையால் விசிறிக்கொண்டு மின்வாரியத்தைத் திட்டுவோம். அப்படிப்பட்ட போர்ட் பிளேரில், ஷாதிபூர்ப் பகுதியில், எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய ஸ்கூல் வேனுக்குள் என் வீட்டுக்காரர் டீசல் ஹீட்டர் பொருத்தினார். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் அட்டைப்பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"தீதி, ஹீட்டரா? யஹான்? பாகல் ஹோ கயே க்யா?" என்றாள். அக்கா, இந்த ஊரிலா ஹீட்டர், பைத்தியமா பிடித்துவிட்டது என்று.

பைத்தியம்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சும்மா சிரித்துவைத்தேன். அந்த நாட்களில் என் சிரிப்பு, தும்மல் மாதிரி தானாக வந்து தானாகப் போகும்.

ஹீட்டர் எதற்கு என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எங்கள் ஒரே மகன் ஹிமாச்சலில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தான். டிசம்பர் மாதம் ஒரு மலைப்பாதை வளைவில் அவன் போன டாக்ஸி கீழே விழுந்தது. அவனைச் சென்னை வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். அந்த வளைவை நாங்கள் பார்க்கவில்லை. அடுத்த டிசம்பரும் வந்து போனது. அதன்பிறகுதான் இவர் இந்த வேனை வாங்கி சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டார். வரும் டிசம்பரில் வேனைக் கப்பலில் ஏற்றி மெயின்லேண்டுக்கு அனுப்பி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போய், அந்த வளைவில் ஓர் இரவு தங்க வேண்டுமாம். பக்கத்தில் தங்குவதற்கு ஊர் கிடையாது, ராத்திரியில் தண்ணீர் உறைந்துபோகும் என்று மகனின் நண்பன் போனில் சொல்லியிருந்தான். அதனால் ஹீட்டர்.

எனக்குப் போக விருப்பமில்லை. ஒரு துளிகூட இல்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனுக்குள் இரண்டு பேர் படுக்கிற அகலத்துக்குப் பலகை அடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

உண்மையில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று அவர் சொன்னால்தான் தெரியும். கையில் சூடு பட்டால் கொப்புளம் வந்த பிறகு பார்ப்பேன். யார் எது கேட்டாலும் "ம்" என்பேன். சாப்பிட்டாயா, ம். மழை வருகிறது, துணியை எடுத்தாயா, ம். துணி நனைந்துகொண்டிருக்கும். ஆபீசில் கோப்புகளில் கையெழுத்து மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தேன், அதற்கு ஆள் தேவையில்லை, கை போதும்.

அவர் முப்பது வருடம் டிங்கி என்கிற சின்னப் படகுக்கும் மீன்பிடிப் படகுக்கும் எஞ்சின் பார்த்தவர். ஹீட்டருடன் வந்த சின்னப் புத்தகத்தை ஒருமுறை புரட்டினார். அதில் படம் போட்டிருந்தது. வண்டியின் தரையில் ஓட்டை போட வேண்டும், எரிவதற்கான காற்றை இழுக்கும் குழாயும் புகையை விடும் குழாயும் அந்த ஓட்டை வழியாகக் கீழே போக வேண்டும், சூடான காற்று மட்டும் உள்ளே வர வேண்டும். அவர் புத்தகத்தை மூடி ஜன்னலில் வைத்தார்.

"அடியில ஓட்டை போடணுமாம். எவனாச்சும் அடியில ஓட்டை போடுவானா?" என்றார்.

"ம்."

"தண்ணி ஏறிரும்ல? புகைக் குழாய்னா மேலதான் போகணும். எத்தனை போட்டுக்கு வெச்சிருப்பேன்."

படகில் அப்படித்தான். எஞ்சினில் இருந்து கிளம்பும் குழாய் உள்ளேயே நிமிர்ந்து ஏறி, தண்ணீர் தொடாத உயரத்தில் வெளியே போகும். சூட்டுக்குக் கல்நார்க் கயிறு சுற்றியிருப்பார்கள். அதே மாதிரி இங்கேயும் புகைக் குழாயை வேனுக்குள்ளேயே ஏற்றி, நடுவில் ஒரு இணைப்பு வைத்து, கயிறு சுற்றி, ஜன்னலுக்கு மேலே பக்கச் சுவரில் வெளியேற்றினார். காற்றிழுக்கும் குழாயை வெளியே விடவே இல்லை. வெளியே வைத்தால் உப்புக் காற்று போய்த் துருப்பிடிக்குமாம். பிறகு மழைக்கும் மணல்பூச்சிக்கும் பயந்து கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, ஆணி ஓட்டை எல்லாவற்றையும் பசை போட்டு அடைத்தார். எறும்புகூட நுழைய முடியாது என்று பெருமையாகச் சொன்னார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். மற்ற நாளாக இருந்தால் புத்தகத்தை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்திருப்பேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி, நான் அப்படிப் பிடித்த காகிதங்கள்தான்.

வேலை முடிந்தது. ஆனால் ஹீட்டர் ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? வேனுக்குள் வெறுமனே உட்கார்ந்தாலே வேர்த்து ஊற்றியது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ் ஃபேக்டரிக்குப் போய், படகுக்காரர்கள் வாங்குவதுபோல ஐஸ் பாளங்களை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மீன் பெட்டிகளில் போட்டு வேனுக்குள் இரண்டு பக்கமும் அடுக்கினார். தெருவே வேடிக்கை பார்த்தது. வங்காளிப் பெண் மீதி ஐஸ் இருந்தால் எனக்கு வேண்டும், மீன் வாங்கி வைத்திருக்கிறேன் என்றாள்.

கதவை மூடி அரை மணி நேரம் குளிரவைத்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குத்தான் சீக்கிரம் குளுரும். உள்ள உக்காந்து பாத்துச் சொல்லு. நான் வெளிய நின்னு புகை எப்படி வருதுன்னு பாக்குறேன்."

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். மீன் பெட்டி வாடையும் ஐஸ் குளிரும் முகத்தில் அடித்தன. ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். டிக் டிக் என்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் காலடியில் வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.

"சூடு வருதா?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டார்.

"ம்."

"நல்லா வருதா?"

"ம்."

சன்னமாகத் தலை வலித்தது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, தினமும் வலிக்கிற தலைதானே. கை கால் கனத்தது, கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. இதுவும் எனக்குப் பழக்கமானதுதான். அவன் போன நாளில் இருந்து நான் இருந்த நிலைக்கும் அந்த வேனுக்குள் இருந்த நிலைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் கதவைத் தட்டியிருப்பார்கள். நான் பலகையில் சாய்ந்துகொண்டேன். நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். யாரும் எதுவும் கேட்காத இடம் ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது.

அப்போது அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கேட்டார்.

"நீ வர்றியா, இல்ல நான் மட்டும் போகட்டா?"

அத்தனை மாதங்களில் முதல் தடவையாகக் கேட்டார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. வரவில்லை என்று சொல்ல நினைத்தேன். நாக்கு புரளவில்லை. அதற்கு "ம்" என்று சொல்லவும் கூடாது என்று மட்டும் தெரிந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவர் மறுபடி கேட்டார். எதற்கெடுத்தாலும் "ம்" போடுகிறவள் அதையும் போடவில்லை என்பதில்தான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கதவை இழுத்தார்.

அவரும் வங்காளிப் பெண்ணுமாக என்னை இழுத்து வெளியே போட்டார்களாம். நான் தெருவிலேயே வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டினார்கள். புகை இணைப்பில் கசிந்திருக்கிறது, அடைத்த வண்டிக்குள் இருந்த காற்றையே ஹீட்டர் எரித்திருக்கிறது, அதில் கார்பன் மோனாக்சைடு, அதற்கு வாடையே கிடையாது, இன்னும் பத்து நிமிடம் என்றால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் "கல்தி மேரி ஹை, என் தப்புதான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் அலுத்துப்போய் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மாஸ்கைக் கழற்றினார்கள். இவர் பக்கத்து ஸ்டூலில் சட்டையெல்லாம் ஐஸ் தண்ணீர்க் கறையும் மீன் வாடையுமாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"புத்தகத்துல படம் போட்டிருந்துச்சுல்ல," என்றேன். "படிக்கத் தெரியாதா உங்களுக்கு? எல்லாம் எனக்குத் தெரியும், எல்லாம் எனக்குத் தெரியும். இப்படித்தான் அவனையும் அனுப்புனீங்க. இங்க போட் ஜெட்டிக்குப் பக்கத்துல வேலை இருந்துச்சு. தீவுல கிடந்து என்னத்தக் கிழிக்கப்போற, மெயின்லேண்ட் போடான்னு நீங்கதான சொன்னீங்க?"

பக்கத்துக் கட்டில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, விஷயம் புரிந்திருக்கும்.

"ஆமா," என்றார். "நான்தான் சொன்னேன்."

கேட்பதற்காகவே காத்திருந்தவர்போல உடனே சொன்னார். மறுக்கவில்லை, காரணம் சொல்லவில்லை. நான் அழுதேன். சவப்பெட்டி வந்த அன்றுகூட இப்படி அழவில்லை. மூக்கு அடைத்து, ஆக்சிஜன் மாஸ்கை மறுபடி மாட்டச் சொல்லி நர்ஸ் திட்டும் அளவுக்கு அழுதேன். அவர் என்னைத் தொடவில்லை. தொட்டிருந்தால் தள்ளிவிட்டிருப்பேன்.

நர்ஸ் போனதும் சொன்னார்: "அடியிலயே ஓட்டை போட்டு, புத்தகத்துல உள்ளபடி மாத்திர்றேன். நீ வரவேணாம். நான் மட்டும் போய்ட்டு வந்துர்றேன்."

எனக்கு அந்த வளைவு முதல்முறையாகக் கண் முன்னால் வந்தது. பார்க்காத இடம், ஆனாலும் வந்தது. அங்கே இவர் தனியாக நிற்பதை நினைத்தேன். மகனை அனுப்பியவர் முதலில் போய் நிற்பதா என்று இருந்தது. நியாயமான நினைப்பு இல்லை, தெரியும்.

"நான் வர்றேன்," என்றேன். "ஆனா அந்த எடத்துக்கு நான் மட்டும்தான் நடந்து போவேன். நீங்க கூட வரக் கூடாது. நான் கூப்பிடுற வரைக்கும் வண்டியிலயே இருக்கணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையின் நுனியை நீவிவிட்டார்.

"சரி," என்றார். "எவ்வளவு நேரமானாலும் இருக்கேன். வண்டியில குளுராது."