பள்ளி ஒலிபெருக்கியின் டப் சத்தம்

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடினால் ஓரமாக நிற்கிறவன். அப்படிப்பட்டவன் எழுத வந்து உங்கள் நேரத்தை எடுப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

பள்ளிவாசல்துறையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தொழுகைப் பள்ளியின் சவுண்ட் வேலையும் என் பொறுப்பு. வெளிநாட்டில் இருப்பவர்களும் பயான் பிரசங்கத்தைக் கேட்கட்டும் என்று ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, யூஎஸ்பியில் பொருத்தும் சின்னச் சவுண்ட் பெட்டி ஒன்றையும் வைத்தேன். மைக் சத்தம் அதன் வழியாகத்தான் மினாரா ஒலிபெருக்கிக்கும் போகும்.

அதில் ஒரு குறை இருந்தது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லாவிட்டால் கணினி அந்தப் பெட்டியைத் தூங்க வைத்துவிடும். தொழுகைக்கு அழைக்கும் மோதினார் பாங்குக்காகப் பொத்தானை அழுத்தியதும் பெட்டி ‘டப்’ என்று விழிக்கும். பிறகு கணினியின் வேகத்தோடு அது ஒத்துப்போகும்வரை ஒலி வராது. பாங்கின் முதற்சொல் பாதி போய்விடும்.

“என்ன இஞ்சினியர், ஒங்கட பெட்டி பாங்குட தலயத் திங்குதே” என்றார் மோதினார், எல்லாருக்கும் முன்னால்.

அன்று நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் போனதும் திருத்த உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டினேன். வெளி ஒலிபெருக்கியின் குமிழைக் குறைப்பதாக நினைத்து பள்ளிக்குள் கேட்பதன் குமிழைக் குறைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக மாற்றி, சவுண்ட் புரோகிராமை நிறுத்தி மறுபடி தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் ஊர் முழுக்க டப்.

எங்கள் ஊரில் தொழுகை நேரமல்லாத நேரத்தில் அந்தச் சத்தம் வந்தால் யாரோ இறந்ததைச் சொல்லும் ஜனாஸா அறிவித்தல்தான். அடுப்பைத் தணிப்பார்கள், டீவியை நிறுத்துவார்கள், பெயர் வரும்வரை யாரும் பேசமாட்டார்கள். அன்று பெயர் வரவேயில்லை.

மோதினார் தோளில் தட்டியபோதுதான் ஹெட்போனைக் கழற்றினேன். பள்ளியின் வாசல் கேற்றடியில் கூட்டம். கருவாடு காயப்போட்ட கையில் உப்போடு சில பெண்கள். எல்லாருக்கும் முன்னால் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் ஒருத்தி, செருப்பில்லாமல், கையில் போனோடு நின்றாள். அவள் கணவர் மூச்சு முட்டு வந்து புத்தளம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“நானா, ஆரு மவுத்து? ஒளிக்காம சொல்லுங்க” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

“ஒண்டுமில்ல தங்கச்சி. மெசின்.”

“ஆஸ்பத்திரில இருந்து போன் அடிக்கல்ல. எனக்குச் சொல்ல மனமில்லாம நேர பள்ளிக்குச் சொல்லிட்டாங்களாக்கும் எண்டு ஓடி வந்தன்.”

“அல்லாஹ் மேல ஆணையா ஒண்டுமில்ல. மெசினத்தான் திருத்தினன்.”

அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள்.

“அந்த மெசினுக்கு ஒரு மவுத்து வராதா நானா?”

யாரோ சிரித்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுடைய காலைப் பார்த்தபடியே நின்றேன்.

“மைக்ல சொல்லிடுங்க, இஞ்சினியர். வீட்டுல உள்ளவங்க இன்னம் பெயருக்குக் காத்திட்டிருக்காங்க” என்றார் மோதினார்.

“நீங்களே சொல்லுங்களன்.”

“டப் போட்டது நீங்களா, நானா?”

நான் அந்த மைக்கில் ஒரு நாளும் பேசியதில்லை. அதோடு, மாப்புக் கேட்க மைக்கைத் திறந்தாலும் முதலில் டப் என்றுதான் கேட்கும். ஆகவே இந்தத் தடவை சரியான குமிழைக் குறைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். பெட்டியை எத்தனை செக்கனில் தூங்க வைப்பது என்று ஒரு வரி இருந்தது. அதைப் பூச்சியம் ஆக்கினேன். பூச்சியம் என்றால் தூங்கவே தூங்காது. காத்திருந்து பார்த்தேன். சத்தமில்லை.

குமிழைக் கூட்டி, “ஆரும் மவுத்தில்ல. நான் மெசின் திருத்தின சத்தம். மாப்புச் செய்யுங்க” என்றேன். குரல் நடுங்கியது ஊருக்கே கேட்டிருக்கும். டப் இல்லாததால் பலர் முன்பாதியைக் கவனிக்கவில்லை. பெயர் அதில்தான் வந்திருக்கும் என்று நினைத்து, பின்னேரம்வரை கடைக்கு வந்து, “ஆரு மவுத்தெண்டு சொன்னீங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடியற்காலைச் சுபஹு பாங்கின் முதற்சொல் முழுதாகக் கேட்டது. பகல் அவள் கணவரை ஓட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் அவள் வாசலைத் தாண்ட வெட்கப்பட்டு, மற்ற ஒழுங்கையால் கடைக்குப் போனேன்.